பொன்னியின் செல்வன்: முடிவும் ஓட்டைகளும்

'பொன்னியின் செல்வன்' ஐந்தாம் பாகத்தைப் படித்து முடித்த இரவு கைப்பேசியில் ஒரு பட்டியல் போட்டேன். மொத்தம் 11 ஓட்டைகள். ஆலையில் ஓர் இயந்திரம் நின்றுபோனால் "ஏன்" என்று ஐந்து முறை கேட்டு மூலகாரணத்தைப் பிடிக்கச் சொல்வார்கள். அந்தப் பழக்கம் எனக்குக் கதைக்கும் தொற்றிவிட்டது. வந்தியத்தேவன் போகும் இடத்தில் எல்லாம் ஏன் யாராவது ரகசியம் பேசிக்கொண்டிருக்கிறார்கள்? ஒருவர் பேசும்போது ஏன் எப்போதும் மரத்துக்கோ திரைக்கோ பின்னால் இன்னொருவர் ஒளிந்திருக்கிறார்? இப்படியே போனது பட்டியல்.

மறுவாரம் புக்கிட் செலம்பாவ் ஒட்டுக்கடையில் தே தாரேக் குடித்துக்கொண்டே அதை நண்பனிடம் வாசித்துக் காட்டினேன். அவன் நாவலைப் படித்தவன் இல்லை. மணிரத்னத்தின் இரண்டு படங்களையும் பார்த்தவன், இரண்டாவதை இரண்டு தடவை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்னான்: "கேம் ஆஃப் துரோன்ஸ் கடைசி சீசன் மாதிரிதான் சொல்றே. அதுக்காவது ஜனங்க கையெழுத்து வேட்டை நடத்துனாங்க. உங்க கல்கிய யாரு கேட்டா?"

கேட்டார்கள் என்பதுதான் விஷயம். 2019 மே மாதம் அந்தத் தொடர் முடிந்தபோது, கடைசி சீசனைத் திரும்ப எடுக்கச் சொல்லி ஒன்றரை மில்லியன் பேருக்கு மேல் இணையத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அதற்கு 65 ஆண்டுகளுக்கு முன்பு, 1954 மே மாதம், 'பொன்னியின் செல்வன்' முடிந்தபோதும் வாசகர்கள் திருப்திப்படவில்லை. கதையைச் சட்டென்று முடித்துவிட்டீர்கள், இவர் என்ன ஆனார், அவர் என்ன ஆனார் என்று கேட்டார்கள். கல்கி ஒரு முடிவுரை எழுதிப் பதில் சொன்னார். இன்றைக்கும் ஐந்தாம் பாகத்தின் கடைசியில் அது இருக்கிறது. பலர் அதைப் படிக்காமலே மூடிவிடுகிறார்கள். நானும் முதலில் அப்படித்தான். நண்பன் கேட்ட பிறகுதான் திரும்பிப் போய்ப் படித்தேன். பட்டியல் அங்கிருந்துதான் கரையத் தொடங்கியது.

முதலில் சின்ன ஓட்டைகளைத் தள்ளிவிடுவோம். 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே வரை, மூன்றரை வருடம் வாராவாரம் வந்த தொடர் இது. ஐந்து பாகம், 293 அத்தியாயம். ஐந்தாம் பாகம் மட்டுமே 91. ஒவ்வொரு வாரமும் கடைசி வரியில் ஒரு தூண்டில் போட வேண்டும். போன வாரம் என்ன நடந்தது என்பதை மறந்தவருக்கு நினைவூட்ட வேண்டும். ஒளிந்திருந்து கேட்பவர்கள் அங்கேதான் உதவுகிறார்கள். நடந்ததை ஒரு பாத்திரம் இன்னொரு பாத்திரத்துக்குச் சொல்ல, மூன்றாவது பாத்திரம் கேட்க, வாசகனும் சேர்ந்து கேட்டுக்கொள்கிறான். மொத்தமாக உட்கார்ந்து படிக்கும் நமக்கு அது இடிக்கிறது. வாரம் ஒரு முறை படித்தவர்களுக்கு அது ஏணிப்படி. பட்டியலில் ஏழு இப்படிப் போய்விட்டன. மீதி நான்கு.

அந்த நான்கில் பெரியது எல்லாருக்கும் தெரிந்ததுதான். ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்?

கடம்பூர் மாளிகையில் விளக்கு அணைகிறது. இளவரசன் செத்துக் கிடக்கிறான். கொலை நடந்த இடத்திலோ அருகிலோ இருந்தவர்கள் பலர். வந்தியத்தேவன்மேல் பழி விழுகிறது. அவனைக் காப்பாற்ற மணிமேகலை நான்தான் கொன்றேன் என்கிறாள். கடைசியில் பெரிய பழுவேட்டரையர் பழியைத் தன்மேல் ஏற்றுக்கொண்டு உயிரை விடுகிறார். அவர் சொன்னது உண்மையா, வேறு யாரையோ காப்பாற்றச் சொன்னதா என்று இன்றுவரை சண்டை ஓயவில்லை. நாலு பாகமாகக் கொலைவாளைக் காட்டிவிட்டு, வெட்டும் நேரத்தில் விளக்கை அணைப்பது ஏமாற்று வேலை என்றுதான் நானும் எழுதியிருந்தேன்.

காட்டுமன்னார்கோயில் உடையார்குடிக் கல்வெட்டைப் பற்றிப் படித்த பிறகு அந்த வரியை அடித்தேன். அது ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, அதாவது சுமார் 987. கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைப் பெயர் சொல்லி, அவர்களுடைய உறவினர்களின் நிலங்களை அரசு எடுத்துக்கொண்ட செய்தியை அது சொல்கிறது. இதில் ரவிதாசனுக்குப் பஞ்சவன் பிரமாதிராஜன் என்று பட்டமும் இருக்கிறது. நாவலில் சுடுகாட்டில் ஆந்தைபோல் கத்தும் மந்திரவாதி, கல்வெட்டில் அரசுப் பட்டம் வாங்கியவன்.

கல்வெட்டிலேயே ஓர் ஓட்டை இருக்கிறது. கரிகாலன் இறந்தது 970-ஐ ஒட்டி. அதற்குப் பின் உத்தம சோழன் 985 வரை அரசாண்டான். இத்தனை வருடம் குற்றவாளிகளின் குடும்பத்தை ஏன் யாரும் தொடவில்லை? இந்தக் கேள்வியை வைத்துத்தான் நீலகண்ட சாஸ்திரி, கொலையில் உத்தம சோழனுக்கே பங்கிருக்கும் என்று சந்தேகப்பட்டார். சதாசிவ பண்டாரத்தார் அதை மறுத்தார். இன்னொரு பக்கம் திருவாலங்காட்டுச் செப்பேடு இருக்கிறது. மக்கள் அருள்மொழியை அரசனாகச் சொன்னார்கள், சிற்றப்பன் விரும்பும்வரை எனக்கு வேண்டாம் என்று அவன் ஒதுங்கினான் என்கிறது அது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அண்ணனைக் கொன்ற சதியில் பங்குள்ளவனுக்குத் தம்பி மனமுவந்து கிரீடம் சூட்டினானா? அப்படியென்றால் அது தியாகம் இல்லை, பயம். பயம் இல்லை, தியாகம்தான் என்றால் உத்தம சோழன் நிரபராதியாக இருக்க வேண்டும். கல்கிக்கு முன்னால் இருந்த முடிச்சு இதுதான். 'தியாக சிகரம்' என்று ஐந்தாம் பாகத்துக்குப் பெயர் வைத்தவர் எந்தப் பக்கம் நின்றார் என்பது தெரிந்ததே. ஆனால் கொலைகாரன் யார் என்பதை மட்டும் அவர் இருட்டில் விட்டார். வரலாறு அடைக்காத ஓட்டையைக் கதையில் தானாக அடைத்துவிட்டு, இதுதான் நடந்தது என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை என்று நினைக்கிறேன். அதை நான் ஓட்டை என்று இனி சொல்ல மாட்டேன்.

ஆனால் ஒன்று. இதனால் வேறொரு இடம் இடிக்கத்தான் செய்கிறது. பழுவேட்டரையரின் வாக்குமூலம் அருள்மொழிக்குத் தெரியும். அப்படியிருக்க, அரியணை ஏறியதும் கொலைகாரர்கள் என்று ரவிதாசன் கூட்டத்தின் சொந்தக்காரர்களுடைய நிலத்தை எதற்குப் பிடுங்க வேண்டும்? சதி செய்ததும் கொலைதான் என்று வாதாடலாம். அதுவும் 16 வருடம் கழித்து ஏன் என்ற கேள்வியோ அப்படியே நிற்கிறது. உத்தம சோழன் நல்லவன் என்றால், அவன் ஏன் சும்மா இருந்தான்? கல்கி ஒரு முனையில் அடைத்த தண்ணீர் இன்னொரு முனையில் கசிகிறது. இது பட்டியலில் இருக்கட்டும்.

அடுத்தது குழந்தை மாற்றம். நண்பனுக்கு இதைச் சொன்னதும் சிரித்தே விட்டான். படத்தில் இது கிடையாது. படத்தில் ரகுமான் நடித்த மதுராந்தகர்தான் உண்மையான மதுராந்தகர். அருள்மொழி அவருக்கே கிரீடத்தைச் சூட்டுகிறான். நாவலில் அப்படியில்லை. அரண்மனையில் வளர்ந்த மதுராந்தகன் ஊமை ராணி மந்தாகினி பெற்ற பிள்ளை, நந்தினியோடு பிறந்தவன். செம்பியன் மாதேவியின் உண்மையான மகன், இறந்து பிறந்ததாக நினைத்துப் புதைக்கக் கொடுத்த குழந்தை. அவன்தான் தஞ்சைக்கு வெளியே பூத்தொடுத்துக்கொண்டிருக்கும் சேந்தன் அமுதன்.

"இது அந்தக் காலத்து சினிமாலா. மணி சார் தூக்குனது கரெக்ட்டு," என்றான்.

கதையோட்டத்துக்கு அவன் சொல்வது சரிதான். இரண்டே முக்கால் மணி நேரத்தில் இதைச் சொல்லி நம்பவைக்க முடியாது. ஆனால் அதைத் தூக்கியபோது கூடவே வேறொன்றும் போய்விட்டது. இந்த ரகசியம் யார் யாருக்குத் தெரியும் என்று எண்ணிப் பாருங்கள். அரண்மனைக்கு வெளியே மூன்று பேர். மந்தாகினி, பேச முடியாதவள். அவள் தங்கை வாணி அம்மை, அவளும் பேச முடியாதவள். கருத்திருமன், பாதாளச் சிறையில் பைத்தியக்காரன் என்று பெயர் வாங்கியவன். அரண்மனைக்கு உள்ளே செம்பியன் மாதேவிக்குத் தெரியும், முதன்மந்திரி அநிருத்தருக்கும் பல சங்கதி தெரியும். பேச முடிந்தவர்கள் பேசவில்லை. பேச வேண்டியவர்களுக்கு வாய் இல்லை, இருந்தாலும் அவர்கள் பேச்சை யாரும் நம்பவில்லை.

முதலில் படிக்கும்போது இதைத்தான் நான் பெரிய குறையாக எழுதியிருந்தேன். ரகசியத்தை 290 அத்தியாயம் இழுக்க, தெரிந்தவர்களை எல்லாம் ஊமையாக்கிவிட்டார் என்று. அது உண்மையும்தான். ஆனால் அந்த ஊமைகள் எல்லாரும் யார்? படகோட்டும் குடும்பம், கலங்கரை விளக்கம் காக்கும் குடும்பம், கோயிலுக்குப் பூக் கொடுக்கும் குடும்பம். சோழ நாட்டின் பட்டம் யாருக்கு என்ற உண்மை அரண்மனை ஏட்டில் இல்லை, கோடிக்கரையில் ஒரு குடிசையில் இருக்கிறது. தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எந்த மண்டோர் கணக்கை மாற்றி எழுதினான், எந்தக் கிராணி யார் சம்பளத்தில் கைவைத்தான் என்று லயத்தில் எல்லாருக்கும் தெரிந்திருக்கும். ஆபிஸ் புத்தகத்தில் இருக்காது. படம் குழந்தை மாற்றத்தை எடுத்தபோது, கிரீடம் ஒரு அரச குடும்பத்துக்காரர் கையிலிருந்து இன்னொரு அரச குடும்பத்துக்காரர் தலைக்குப் போவதாக ஆகிவிட்டது. நாவலில் அது பூத்தொடுப்பவன் தலைக்குப் போகிறது. பக்கத்தில் படகுக்காரி பூங்குழலி ராணியாக நிற்கிறாள். அவனும் பிறப்பால் இளவரசன்தான் என்று நீங்கள் மடக்கலாம். ஆமாம், கல்கி அந்த எல்லையைத் தாண்டவில்லை. ஆனாலும் அவ்வளவு தூரமாவது வந்தார்.

பிடித்த இடங்களையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் குறை சொல்ல மட்டும் படிக்கிறவன் ஆகிவிடுவேன். ஐந்தாம் பாகத் தொடக்கத்தில் நாகப்பட்டினத்தில் கடல் பொங்கும் அத்தியாயங்கள் முதலாவது. வில்லன் கிடையாது, சதி கிடையாது, தண்ணீர் மட்டும் ஏறிக்கொண்டே இருக்கிறது. சூடாமணி விகாரம் மூழ்குகிறது. முதல் பாகத்தின் பெயர் புது வெள்ளம், அதில் ஆடிப்பெருக்குக் கொண்டாட்டம். அதே தண்ணீர் கடைசிப் பாகத்தில் இப்படித் திரும்பி வருகிறது.

இரண்டாவது, மந்தாகினியின் மரணம். சுந்தர சோழரை நோக்கி வரும் வேலைத் தன்மேல் வாங்கிக்கொள்கிறாள். அவளைப் பேய் என்று நினைத்துப் பல வருடம் பயந்து நடுங்கிய மனிதர் அவர். அவள் ஒரு சொல்லும் சொல்லாமல் அத்தனையையும் சொல்லிவிட்டுப் போகிறாள். வசனத்தால் கதை நடத்தும் கல்கி, தன் நாவலின் மிகப் பெரிய காதலை வசனமே இல்லாதவளுக்குக் கொடுத்திருக்கிறார்.

மூன்றாவது இடத்தில்தான் எனக்கும் என் பெரியம்மாவுக்கும் சண்டை. பெரியம்மா 30 வருடம் பால்மரம் வெட்டியவர். ஐந்து பாகத்தையும் தோட்டத்துக் கோயில் பக்கத்தில் இருந்த படிப்பகத்தில் இரவல் வாங்கிப் படித்தவர், ஒழுங்கில்லாமல், கிடைத்த பாகத்தை முதலில். "கொலகாரன் எவனா இருந்தா என்னா? அந்த மணிமேகலையதான் கல்கி கொன்னாரு," என்றார்.

கடைசி அத்தியாயம் 'மலர் உதிர்ந்தது'. பட்டாபிஷேகம் எல்லாம் முடிந்துவிட்டது. சம்புவரையர் மகள் மணிமேகலை புத்தி பேதலித்து, வந்தியத்தேவன் மடியில் உயிரை விடுகிறாள். அவ்வளவுதான் நாவல். அதன் பிறகு முடிவுரையில், குந்தவைக்கும் வந்தியத்தேவனுக்கும் திருமணம் நடந்தது என்று கல்கி சொல்கிறார். தஞ்சைக் கல்வெட்டில் குந்தவை வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவி என்று இருப்பதால் அதை அவர் மாற்ற முடியாது.

இந்த முடிவு அழகு என்றுதான் நான் வாதாடினேன். எந்தக் கல்வெட்டிலும் இல்லாத ஒரு பெண்ணுக்குக் கடைசிப் பக்கத்தைக் கொடுத்திருக்கிறார். அருள்மொழி விட்டுக்கொடுத்த கிரீடம் 16 வருடத்தில் அவனுக்கே திரும்பி வந்துவிட்டது, வட்டியோடு. மணிமேகலை கொடுத்தது திரும்பி வரவே இல்லை. உண்மையான தியாக சிகரம் அவள்தான், அதனால்தான் பட்டாபிஷேகத்துக்கும் பிறகு அவளை வைத்தார் என்றேன்.

பெரியம்மா கேட்டார்: "சரி, அப்படின்னா அவளுக்கு ஏன் மொதல்ல பைத்தியம் புடிக்கணும்?"

எனக்குப் பதில் இல்லை. யோசித்துப் பார்த்தால், பழியைத் தானே ஏற்கத் துணிந்து, எல்லார் முன்னாலும் வாயைத் திறந்த பெண் அவள். அவள் தெளிந்த புத்தியோடு உயிரோடு இருந்திருந்தால் வந்தியத்தேவனை ஒரு கேள்வி கேட்டிருப்பாள். கல்கி அந்தக் கேள்வியைத் தவிர்த்துவிட்டார். ஊமைகள், பைத்தியங்கள் வரிசையில் அவளையும் சேர்த்து, பிறகு கொன்று, அழகாக ஒரு தலைப்பும் வைத்துவிட்டார். மந்தாகினியின் மௌனம் கதைக்கு வலிமை சேர்த்தது. மணிமேகலையின் பைத்தியம் கதாநாயகனுக்கு வழி விட்டது. படத்தில் மணிமேகலையே இல்லை. அதனால் அங்கே இந்தக் குற்றமும் இல்லை, இந்தக் கடைசிப் பக்கமும் இல்லை. பட்டியலில் இப்போது முதல் இடம் இதற்குத்தான். தர்க்கத்தில் இது ஓட்டையே இல்லை. எல்லாம் பொருந்துகிறது. பொருந்துவதற்காக ஒருத்தியைக் கொடுத்ததுதான் குறை.

கடைசி ஓட்டை புத்தகத்துக்குள் தொடங்கி எங்கள் ஊரில் வந்து முடிகிறது. நாவலில் இளவரசன் காய்ச்சலோடு ஒளிந்திருந்து உயிர் பிழைப்பது நாகப்பட்டினம் சூடாமணி விகாரத்தில். கதை நடப்பது 970-ஐ ஒட்டி. ஆனால் லெய்டன் பல்கலைக்கழகத்தில் இருந்ததால் லெய்டன் செப்பேடுகள் எனப்படும் ஆனைமங்கலச் செப்பேடுகளின்படி, அந்த விகாரம் கடாரத்து அரசன் சூளாமணிவர்மன் பெயரால் எழுந்தது. அதற்கு ராஜராஜன் ஆனைமங்கலம் ஊரைக் கொடுத்தது தன் 21-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1005, 1006 வாக்கில். கல்கி அதை 35 வருடம் முன்னால் கொண்டுபோய்விட்டார். வெள்ளத்தில் மூழ்கடித்துவிட்டால் பிற்பாடு எழுந்ததற்கும் இடம் கிடைக்கும். அந்த வெள்ளம் அதற்கும் உதவியது என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

கடாரம் என்பது கெடா. புக்கிட் செலம்பாவிலிருந்து மெர்போக் பக்கம்தான். அங்கே அருங்காட்சியக வளாகத்தில் புக்கிட் பத்து பஹாட் சண்டி நிற்கிறது. சுங்கை பத்துவில் பழைய இரும்பு உலைகளை 2009-லிருந்து தோண்டி எடுத்திருக்கிறார்கள். 2013-இல் புஜாங் பள்ளத்தாக்கின் பதினோராம் எண் சண்டியை மேம்பாட்டு வேலைக்காக இடித்துத் தள்ளிய செய்தி வந்தபோது நாங்கள் பள்ளிக்கூடம் முடிக்கிற வயசு.

நண்பனிடம் 'கடாரம் கொண்டான்' என்று எழுதிய டீ-சட்டை ஒன்று உண்டு. 1025-இல் ராஜேந்திரன் படை கடல் கடந்து வந்து கடாரத்து அரசன் சங்கிராம விஜயோத்துங்கவர்மனைப் பிடித்தது. நம்ம ஆளுங்க பிடித்த ஊர் இது என்பான். நான் கேட்டேன்: "அப்பன் காய்ச்சல்ல படுத்திருந்து பொழைச்ச மடத்தக் கட்டுன ஊரு. மகன் வந்து கொள்ளையடிச்சான். கதையா எழுதியிருந்தா லாஜிக் இடிக்குதுன்னு சொல்லியிருப்பியா மாட்டியா?"

நாவலில் அப்பன் பிழைத்தது கற்பனை என்பது தெரியும். ஆனால் ராஜராஜன் கடாரத்து விகாரத்துக்கு ஊர் கொடுத்தது கற்பனை இல்லை. அந்தக் கொடையைச் செப்பேட்டில் எழுதவைத்ததே ராஜேந்திரன்தான். 20 வருடத்தில் அதே கை படை அனுப்பியது. வணிகம், கடல்வழி, சீனத்துத் தூது என்று காரணங்கள் சொல்கிறார்கள். கல்கி அந்த இடம்வரை வரவில்லை. 1954 டிசம்பரில் இறந்துவிட்டார். பின்னால் சாண்டில்யன் 'கடல் புறா'வில் கடாரத்துக்கு வந்தார். அவரும் சோழக் கப்பலில் இருந்துதான் கரையைப் பார்த்தார்.

கரையில் நின்று கப்பல்கள் வருவதைப் பார்த்தவர்களின் கதையைத் தமிழில் நான் இன்னும் படிக்கவில்லை. அந்தக் கரையில்தான் நாங்கள் இருக்கிறோம். கப்பலில் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள், உண்மைதான். ஆனால் எங்கள் தாத்தாக்கள் வந்தது வேறு கப்பல். அவர்கள் கையில் வாள் இல்லை, பால்மரம் வெட்டும் கத்தியைக்கூட இங்கே வந்த பிறகுதான் கொடுத்தார்கள்.

நண்பன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அந்த ஐந்தாவது பாகத்த மட்டும் குடு, படிச்சுப் பாக்குறேன்," என்றான். முதல் பாகத்திலிருந்து தொடங்கச் சொன்னேன். பெரியம்மா எந்த ஒழுங்கில் படித்தார் என்பது நினைவுக்கு வந்ததும், ஐந்தையே கொடுத்து அனுப்பினேன்.